கருவிக்குக் குளிர் பிடித்ததா?

போன வருடம் மொன்றியலில் முதல் பனி விழுந்த கிழமை அது. சென்ட் லோரன்டில், கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறிய அளவை நிறுவனத்தில் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபத்தில் விசர் வரும்.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு பனியாறு எவ்வளவு தடிப்பு என்று துளை போடாமலே சொல்வோம். பனி பாறையைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே பனிக்கு மேல் நின்றால் புவியீர்ப்பு துளியளவு குறையும். எவ்வளவு குறைகிறதோ, பனி அவ்வளவு தடிப்பு. அதை அளக்கும் கருவிக்குள் நுண்ணிய வில் ஒன்று இருக்கிறது. அது எப்போதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். பற்றரி இறங்கிக் குளிர்ந்துவிட்டால், அதன் பிறகு அந்தக் கருவி சொல்வதை நம்ப முடியாது.

அந்த இலையுதிர் காலத்தில் மேற்குப் பக்க மலைகளில் ஒரு பனியாற்றை அளந்துவிட்டு வந்திருந்தேன். அடிவாரக் கிராமத்தில் ஒரு பெண்ணின் வீட்டில் தங்கினேன். கருவியைத் தன் அடுப்படியில் வைக்க இடம் விட்டு, அதற்கென்று ஒரு போர்வையும் தந்தவர் அவர். நான் பற்றரிக்கு மின் ஏற்றும்போது, "உன் பிள்ளை சாப்பிட்டதா?" என்று தினமும் பகிடி விடுவார். பனியாற்றுத் தண்ணீரை நம்பி அங்கே புது வீடுகள் கட்டப் போகிறார்கள். ஒன்றில் நகரத்திலிருந்து அவருடைய மகள் வந்து குடியேறுவாள். எந்தச் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதுவரை எனக்குச் சொல்லியிருந்தார்.

மொன்றியலுக்கு வந்து கணக்குப் போட்டேன். பனி, எங்கள் நிறுவனம் முன்பு சொன்னதில் பாதிகூட இல்லை.

முன்பு சொன்னவர் எங்கள் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்து மனிதர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். பள்ளத்தாக்கின் இரண்டு பக்க மலைகளும் கருவியைக் கொஞ்சம் மேலே இழுக்கும். அந்த இழுப்பால் வரும் குறைவைத் தனியே பிரிக்காவிட்டால் அதுவும் பனியின் கணக்கில் ஏறிவிடும். பனி உள்ளதைவிடத் தடிப்பாகத் தெரியும். அண்ணை அதைப் பருமட்டாக, ஒரு குத்துமதிப்பில் பார்த்துவிட்டுக் கிராமத்துக்கு நல்ல செய்தி சொல்லிவிட்டார். இதைக் கூட்டத்துக்கு முதல் நாளே அவரிடம் காட்டினேன். பார்க்கிறேன் என்றார், பார்க்கவில்லை.

மறுநாள் காலை கிராமத்து ஆட்களோடு காணொளித் திரையில் கூட்டம். அந்தப் பெண்ணும் இருந்தார். அண்ணை ஆங்கிலத்தில், தயக்கமே இல்லாமல் சொன்னார்: புதிய அளவுகளில் சந்தேகம் இருக்கிறது, வழியில் கருவி குளிர்ந்திருக்கலாம், பழைய கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான் வாய் திறக்கப் போனேன். அவர் என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்.

"பிள்ளை, நீர் இப்ப ஒண்டும் கதையாதையும். பேந்து பாப்பம்."

தமிழ் தெரியாத மற்றவர்கள், அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துப் புன்னகைத்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டில் கதைக்கும் மொழியை எடுத்து என் வாயை அடைக்கிறார்! அதைவிடக் கேவலம், நான் அடங்கிப் போனது. அவர் அண்ணை அல்லவா. அந்த ஒரு சொல்லில் என் படிப்பெல்லாம் கதிரைக்குக் கீழே போய்விட்டது.

மத்தியானம் மீண்டும் கூடுவதாகச் சொல்லி எழும்பினார்கள். நடையில் அவரை மறித்தேன்.

"அண்ணை, அது குளிரேல்லை. வழி முழுக்க நான் பக்கத்திலை வைச்சுத்தான் கொண்டு வந்தனான்."

"ஓம், ஓம். அதை ஆர் நிரூபிக்கிறது?"

"நான்."

எங்கள் நிலக்கீழ் அறையில் ஒரு சீமெந்துத் தூண் இருக்கிறது. கருவி பயணம் போகுமுன் அதன்மேல் வைத்து ஒரு அளவு எடுப்போம், வந்ததும் அதே இடத்தில் இன்னொன்று. நடுவில் குளிர்ந்திருந்தால் இரண்டும் ஒத்து வராது. வந்த பிறகு எடுக்க வேண்டிய அளவை அவசரம் என்று அண்ணைதான் தள்ளிப்போட்டிருந்தார். பக்கத்துக் கிடங்கு லொறிகள் ஓடினால் தூண் அதிரும். ஆகவே சாரதிகள் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். கருவியை மட்டம் பார்த்து வைக்கும்போது, 'கடவுளே, நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும்' என்று வாய்விட்டுக் கும்பிட்டேன்.

அளவு ஒத்து வந்தது. கருவி குளிரவே இல்லை. படிகளில் ஓடினேன். அண்ணை எண்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்ப நீரே சொல்லும்" என்றார். மன்னிப்பா, ஒரு சொல்லா, ஒன்றும் இல்லை. சொல்கிறேன் என்று போய், மத்தியானக் கூட்டத்துக்குத் திரை முன்னால் இருந்தேன்.

கருவி சரி, பனி மெல்லியது, முன்பு சொன்ன அளவு தவறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரலில் ஒரு வெற்றி ஏறியதை நானே கேட்டேன். பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

"குளிர்ந்திருக்காதா? இரண்டாவது போர்வையையும் நான் தந்திருக்கலாம்."

காலையில் அண்ணை சொன்னபோது எனக்குக் கோபத்தைப் பற்ற வைத்த அதே சந்தேகம்தான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணையோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, அந்தக் கோபம் போகவும் வேண்டாம். ஆனால் அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம், அங்கே நின்று நான் கும்பிட்டுக் கேட்டது, அந்தப் பெண்ணின் மகள் அங்கே வந்து குடியேறாமல் போவதைத்தான் என்பது நினைவுக்கு வருகிறது.