ஸ்தோத்திரச் சீட்டில் என் பெயர்

வின்னிபெக்கில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் தானுதா. போலந்திலிருந்து வந்து இந்தக் கனடா நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர். டிசம்பர் இருபத்துநான்காம் தேதி மூன்று மணிக்கே சமையலை முடித்து மேசையில் மூடி வைத்துவிட்டார். ஆனால் வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை யாரும் சாப்பிடக் கூடாதாம். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தக்கலைப் பக்கம் எங்கள் ஊரில் நட்சத்திரத்துக்காக யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மாதம் பிறந்ததுமே கடையில் வாங்கி, உள்ளே பல்பு போட்டு, வீட்டு முகப்பில் நாங்களே தொங்கவிட்டுவிடுவோம். "எனக்குப் பசியில்லை" என்றேன். நான் இறைச்சி சாப்பிடாதவள் என்று நினைத்துக்கொண்ட தானுதா, "பயப்படாதே, இன்றைக்கு மீன் மட்டும்தான்" என்று தேற்றினார்.

பசி போனதற்குக் காரணம் மீனுமல்ல, இறைச்சியுமல்ல. மூன்று வாரங்களுக்கு முன், மரச்சாமான் கிடங்கு ஒன்றில் நான் பார்த்துவந்த கணக்கர் வேலை போய்விட்டது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்த அன்றே, "வியாபாரம் மந்தம்" என்று சொல்லி, அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலை ஊரிலிருந்து என் கணவர் செல்வின் அழைத்தார். "புரொபேஷன் முடிஞ்சா?" என்று கேட்டார். "முடிஞ்சு" என்றேன். மேற்கொண்டு சொல்ல வாயெடுப்பதற்குள் அவர், "அல்லேலூயா!" என்று கூவி, ஐந்து வயது மகள் அபிஷாவைத் தூக்கிச் சுற்றினார். திரையில் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தபின் என்னால் அந்தச் சொல்லைத் திருத்த முடியவில்லை. மறுநாள் முதல் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து அவரோடு பேசிவிட்டு, பொது நூலகத்தில் போய் உட்கார்ந்து விண்ணப்பங்கள் எழுதினேன். எங்கிருந்தும் பதில் வரவில்லை. வேலை கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்ற பயம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஜெபம் செய்ய உட்கார்ந்தாலும், யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனையின்போது ஸ்தோத்திரச் சீட்டுகளை வாசிப்பார்கள். வீடு கட்டியது, பிள்ளை பிறந்தது, நோய் நீங்கியது என்று ஒவ்வொரு குடும்பமும் நன்றியை எழுதிக் காணிக்கையோடு கொடுக்கும். எனக்கு வேலை நிலைத்ததற்காகச் செல்வினும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பொய் கடவுளின் சந்நிதியில், என் பெயரில், உரக்க வாசிக்கப்படப் போகிறது. இங்கே மாலை நான்கு மணி. அங்கே மறுநாள் விடியற்காலை மூன்றரை. நாலரைக்கு ஆராதனை. செல்வினை அழைத்தேன்.

"ஏட்டி, பிள்ளைய எழுப்பியாச்சு. புது உடுப்பெல்லாம் போட்டு நிக்கா."

"அந்தச் சீட்ட வாசிக்கப்பிடாது."

"என்னத்துக்கு?"

"எனக்கு வேலை இல்ல."

"அண்ணைக்கு முடிஞ்சுன்னு சொன்னியே?"

"வேலைதான் முடிஞ்சு."

அந்தப் பக்கம் கோயிலின் முதல் மணி அடிப்பது கேட்டது.

"அப்பம் தினமும் கோட்டு போட்டுட்டு எங்க போன?"

"லைப்ரரிக்கு."

"இத இத்தன நாளு தனியா வச்சிட்டு நடந்தியா?" குரல் கடுமையாகத்தான் இருந்தது. பிறகு தணிந்தது. "நேரத்துக்குச் சோறு திங்கியா? அத மொதல்ல சொல்லு."

நான் அழுதேன். "சரி, நான் பாத்துக்கிடுகேன்" என்று வைத்துவிட்டார்.

என்ன பார்த்துக்கொள்வார்? சீட்டைத் திரும்ப வாங்குவாரா? போதகரிடம் என்ன சொல்வார்? ஒரு மணி நேரத்துக்கு மேல் அறைக்குள்ளேயே நடந்தேன். நட்சத்திரம் வந்துவிட்டது என்று தானுதா கூப்பிட்டு, நான் மேசையில் போய் உட்கார்ந்தபோது, செல்வின் கோயிலுக்குள்ளிருந்தே வீடியோவில் அழைத்தார். போதகர் சீட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. என் பெயரைச் சொன்னார். "அந்நிய தேசத்தில் இவரை இம்மட்டும் காத்து நடத்தியதற்காகக் குடும்பத்தார் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள். இப்போது வேலை இல்லாதிருக்கிறார். வேறு வேலை கிடைக்கும்படி சபை ஜெபிக்கக் கேட்கிறார்கள்." ஆணும் பெண்ணுமாகக் கோயில் முழுவதும் "ஆமென்" என்றது.

முதலில் முகம் எரிந்தது. பொழுது விடிவதற்குள் தக்கலைச் சந்தைவரைக்கும் தெரிந்துவிடும். ஆனால் மறைக்க இனி ஒன்றுமில்லை என்பது மெல்லத்தான் உறைத்தது. பயம் போகவில்லை. வேலை கேட்டு ஜெபிக்க மட்டும் வாய் திறந்தது. நன்றி சொல்லவும் ஏதோ மிச்சமிருந்தது.

"கெட்ட செய்தியா?" என்று தானுதா கேட்டார்.

"இல்லை. எனக்கு வேலை போனதை எங்கள் ஊரார் கடவுளிடம் சொல்கிறார்கள்."

அவருக்கு என்ன விளங்கியதோ, இன்னொரு மீன்துண்டை என் தட்டில் வைத்தார்.

ஆராதனை முடிந்ததும் அபிஷா போனைப் பிடுங்கிக்கொண்டாள். என் பின்னால், தானுதா அலமாரியில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடில் அவள் கண்ணில் பட்டது. மாதாவும் சூசையும் ஆடுகளும் சுற்றி நிற்க, நடுவில் வைக்கோல் மட்டும் கிடந்தது.

"அம்மா, அங்க ஏசப்பா எங்க?"

"ராத்திரிப் பூசைக்குப் பொறவுதான் வைப்பாவளாம். இங்க இன்னும் பிறக்கல்ல மக்கா."

"இங்க பிறந்தாச்சே!" என்றாள் அவள், திரை முழுக்க முகமாக.