ஒரு கம்பிக்கு ஒரு தெருவே கையெழுத்து

காலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, சோளிங்கரில் இருக்கும் நண்பருக்கு ரேடியோவில் என் பெயரை அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் அமெச்சூர் ரேடியோ பைத்தியம்.

தாழ்ந்த அலைவரிசை என்பதால் எல்லாம் ஆமை வேகம். அலை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஏற்ற இறக்கத்தை, அதாவது ஃபேஸை, மட்டும் கம்ப்யூட்டர் அவ்வப்போது தலைகீழாகத் திருப்பும். அந்தத் திருப்பங்களை வைத்துத்தான் அவர் எழுத்தைக் கண்டுபிடிப்பார். ஒரு பெயருக்கு ஒரு மணி நேரம். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

பாதி போயிருக்கும். தெருச் சங்கச் செயலாளர் நான்கு பேரோடு படியேறி வந்தார். கையில் மனு.

"இன்னா சார், மாடியில டவர் போட்டிருக்கீங்களாமே? கதிர்வீச்சு ஜாஸ்தியாம். மொதல்ல ஆஃப் பண்ணுங்க."

"டவர் இல்லைங்க, வெறும் ஏரியல் கம்பி. இதுல போற பவர் ஜீரோ வாட் பல்பைவிடக் கம்மி."

"அதெல்லாம் தெரியாது சார். தெருவே கையெழுத்து போட்டிருக்கு."

அணைத்தேன்.

போன மாதம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து எங்கள் போர் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. மனு கொடுக்கலாம் என்று இதே செயலாளரிடம்தான் போனேன்.

"பெரிய எடத்து விவகாரம் சார். எதுக்குப் பேஜாரு? கேன் தண்ணி வாங்கிக்குங்க" என்றார்.

அவர்கள் இறங்கிப் போனதும் நண்பரிடமிருந்து மெசேஜ்: "மூணு எழுத்து சுத்தமா வந்துச்சு தோஸ்த். அப்புறம் இன்னா ஆச்சு?"

கம்பியைச் சுருட்டிவிட்டுக் கை கழுவக் குழாயைத் திறந்தேன். இன்றைக்கும் டீ நிறம்தான்.

அதற்கு யாராவது கையெழுத்து போடுகிறீர்களா?