தங்கையின் பெயரில் இருந்த என் குற்றம்

எங்கள் யாங்கூன் தமிழ் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். கோயிலிலும் அடுப்படியிலும் தமிழ்ப் பெயர். பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பெயர். என் தங்கை எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதற்குப் பிறகு அவளுடைய பர்மியப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது அட்டையோடு அலமாரியில் கிடந்தது.

பதினாறு வருடத்துக்கு முன் க்யிம்யிண்டைங் பகுதியில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த ஊரில் துக்கம் கேட்கப் போகிறவர்கள் வீட்டாருக்குத் துணையாக உட்கார்ந்து சீட்டாடுவார்கள். ஜெயிக்கிறவர்கள் சாவுச் செலவுக்கு ஏதாவது கொடுப்பார்கள். பர்மியர்களைப் பார்த்து நாங்களும் பிடித்துக்கொண்ட பழக்கம். சட்டப்படி அது சூதாட்டம். கண்டும் காணாமல் போகிற போலீஸ், அன்று மத்தியானம் நேராக உள்ளே வந்துவிட்டது. என் கையில் அப்போதுதான் நல்ல சீட்டு சேர்ந்திருந்தது. அந்த எரிச்சல்கூட இன்னும் நினைவிருக்கிறது, வெட்கக்கேடு.

யாரிடமும் அட்டை இல்லை. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மறுவாரம் எனக்குப் பாலர் பள்ளியில் டீச்சர் வேலைக்கு நேர்காணல். வாயைத் திறந்தேன், தங்கையின் பர்மியப் பெயர் வந்தது. அப்பா பெயரும் விலாசமும் ஒன்றுதானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் கோர்ட்டில் அவள் பெயரிலேயே நின்று அபராதம் கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு நாளும் என் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன்க்கா இவ்வளவு நேரம்?" என்றாள். சந்தையில் கூட்டம் என்றேன்.

போன வருடம் அவளுக்குச் சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கூடி வந்தது. படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை தூக்கி இறக்கியவள் அவள்தான். கல்யாணம்கூட அதில் தள்ளிப்போய், பிறகு இல்லை என்றே ஆகிவிட்டது. நாற்பது முடிந்தால் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு நாற்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. எந்தக் குற்றமும் இல்லை என்று போலீஸ் தரும் சான்று ஒன்றுதான் பாக்கி. துணைக்கு என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள்.

எழுத்தர் பழைய பேரேட்டைப் புரட்டி, சூதாட்டம், அபராதம் என்று வாசித்தார். தங்கை சிரித்துவிட்டாள்.

"அக்கா, இது நான் இல்ல. சீட்டுல ராஜா எது, ராணி எதுன்னுகூட எனக்குத் தெரியாதுன்னு நீயே சொல்லேன்!"

அவளுக்குச் சீட்டே தெரியாது என்று நானும் சொன்னேன். அவர், பிரமாணப் பத்திரமும் ஒரு சாட்சியும் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்.

கியாக்டடா பகுதி நடைபாதையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட் ஒருவரிடம் பத்திரம் அடித்தோம். சாட்சி நான்தான். 'அன்று மத்தியானம் என் தங்கை வீட்டில் என் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதில் கையெழுத்துப் போடும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எழுத்தர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் இந்தப் பெயரைச் சொன்னது யார்?"

"தெரியாது" என்றேன்.

அது தெரியாமல் பதிவை நீக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு தங்கை ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினாள். நான் தினமும் பஸ்ஸில் போகும்போது சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். அன்று வேலை கிடைத்த அதே பாலர் பள்ளிக்குள் நுழைந்தால் தலைமை டீச்சர் என்று தாய்மார்கள் வணங்குவார்கள், தைரியம் போய்விடும். இப்படியே மூன்று வாரம். சிங்கப்பூர் வேலையைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். தங்கை புதுப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சோறு வைக்கப் போனாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ப் பெயர் சொன்னதற்கு இன்னொரு அபராதம், கோர்ட்டுக்கு அலைச்சல். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்து, அவள் பெயரை நீக்கி என் பெயரை எழுதினார்கள். அதற்குள் அவளுக்கு நாற்பது முடிந்துவிட்டது. பள்ளி நடத்தும் அம்மாவிடமும் சொன்னேன். "சாவு வீட்டுச் சீட்டா? நானும்தான் ஆடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் பார்க்கத் தொடங்கினார். இதற்காகவா பயந்து செத்தேன் என்று என்மேலேயே அருவருப்பாக வந்தது.

அவள் பெயருக்கான சான்றை வாங்கிக் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"போலீஸ் கேட்டப்ப வாய்க்கு வந்த பேரு எதையாவது சொல்லியிருக்கலாமே. ஏன்க்கா என் பேரு?"

இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

"உனக்கு அந்தப் பேரு எதுக்கும் தேவைப்படாதுன்னு நெனச்சேன். நீ எங்கயும் போகப்போறதில்லன்னு..."

"சரியாத்தான் நெனச்சிருக்க" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள்.