பதினெட்டுக் கிளிக்கும் கண் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேலைக்கு டிசைன் வரைவது என் வேலை. ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் என்று கணக்கு வைத்து, கட்டம் போட்ட தாளில் பூவும் மாங்காயும் பறவையுமாகப் பென்சிலால் நிரப்புவேன். அந்தத் தாளைப் பார்த்து மதுரையில் ஒருவர் அட்டைகளில் துளை அடித்துத் தருவார். துளை இருக்கிற இடத்தில் தறி நூலைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. தப்பாக அடித்துக் கொடுத்தால் தப்பைச் சுத்தமாக நெய்துவிட்டு அடுத்த சேலைக்குப் போய்விடும்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். மதுரைக்காரர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அவருடைய பழைய லேப்டாப்பை அண்ணாச்சி வாங்கி வந்துவிட்டார். இனிமேல் தாள் வேண்டாம், ஃபிளாப்பியில் போட்டு அனுப்பினால் போதும் என்றார்கள். அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது.

"பாலவனத்தத்துல ஒரு கலியாண வீட்டுல இருபத்திரண்டு சேல கேட்டிருக்காக, எல்லாம் ஒரே மாதிரி. இதுல போட்டு நல்லா வந்துச்சுன்னா டிசைன் வேலை நம்மகிட்டயே இருக்கட்டும். வரலைன்னா பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு டிசைனையும் மதுரையிலயே வாங்கிக்கிருவேன். நீ என்ன சொல்ற தாயி?"

நான் என்ன சொல்ல? டிசைன் வேலை போனால் பாளையம்பட்டி வீட்டில் பழையபடி நூல் சுற்ற வேண்டும். அந்த வேலையை ஐந்து வருஷம் செய்தவள் நான். இங்கே எனக்கென்று ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன், பதினோரு மணிக்குக் காப்பி. அந்த நாற்காலியை விட எனக்கு மனசே இல்லை. "போட்டுரலாம் அண்ணாச்சி" என்றேன். மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

லேப்டாப்பைத் திறந்ததும் திரையில் ஒரு கரும்புள்ளி. கடுகில் கால்வாசி இருக்கும். தூசி என்று முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. அண்ணாச்சியின் மனைவியை மதினி என்று கூப்பிடுவேன். மதினி ஈ எச்சம் என்று முடிவு கட்டி, குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி விபூதி போட்டுத் துலக்கினார். நல்லவேளை, அண்ணாச்சி பார்த்து அலறாத குறையாக வந்து பிடுங்கிக்கொண்டார். மதுரைக்குப் போன் போட்டோம்.

"அது செத்துப்போன புள்ளிங்க. இனிமே அதுல வெளிச்சம் வராது. மத்ததெல்லாம் நல்லாருக்கு. அதைக் கண்டுக்காதீங்க" என்றார் மதுரைக்காரர்.

மதினிக்கு அதில் துளியும் வருத்தமில்லை. "விடுங்க. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தா நாம திருஷ்டிப்பொட்டு வைக்கணும். இது வச்சுக்கிட்டே வந்திருக்கு" என்றார். நானும் சொன்னபடி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். ஒரு வாரத்தில் அது இருப்பதே மறந்துபோனது.

கலியாணச் சேலைக்கு முந்தியில் குறுக்கே பதினெட்டுக் கிளிகள். ஒரு கிளியை வரைந்தால் போதும், மற்ற பதினேழையும் அட்டை பார்த்துக்கொள்ளும். மூக்குக்கு இரண்டு நாள், வாலுக்கு மூன்று நாள் ஆனது. மவுஸோடு நான் போட்ட சண்டையில் கிளி முதலில் கோழியாக இருந்தது, பிறகு காக்கையானது, ஒருவழியாகக் கிளிக்கு வந்து சேர்ந்தது.

கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். என் அம்மா பிறந்த ஊர் திருச்சுழிப் பக்கம். அங்கே ஐயனார் கோயில் மண்குதிரைக்கு எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண் திறப்பார்கள். அதற்கு முன் கண் வைத்தால் குதிரை பாதி உடம்போடு எழுந்து ஓடிவிடும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் அதை இன்றுவரை முழுதாக நம்பாமலும் இல்லை. தாளில் வரையும்போதும் பறவைக்குக் கண் கடைசிதான். ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு புள்ளி, அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன்.

கிளி முடிந்த அன்று, இனிக் கண்தான் பாக்கி என்று படத்தைச் சின்னதாக்கி முழுசாகப் பார்த்தேன். கண் இருந்தது. கறுப்பாக, கச்சிதமாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தது. ஏற்கெனவே வைத்துவிட்டோம் போல, காப்பி வந்த பராக்கில் மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். என் கைவேலையை நானே மெச்சி, ஃபிளாப்பியை மஞ்சப்பையில் போட்டு மதுரை பஸ்ஸுக்கு அனுப்பினேன்.

அட்டை வந்தது, தறி ஓடியது. எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்தபடிதான் இறங்கும். ஆகவே இருபத்திரண்டு சேலையும் முடிந்து, மடிக்க எடுத்தபோதுதான் மதினி கேட்டார்.

"ஏம்மா, கிளிக்குக் கண்ணு எங்க?"

எல்லாச் சேலையையும் விரித்தோம். பதினெட்டுக் கிளிக்கும் கண் இல்லை, இருபத்திரண்டு சேலையிலும் இல்லை. கலியாணம் வெள்ளிக்கிழமை, அன்றைக்குத் திங்கள். நல்ல காரியத்துக்குக் குருட்டுக் கிளியை எந்த வீட்டில் கட்டுவார்கள்? அண்ணாச்சி தறிப்பக்கம் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். லேப்டாப்பைத் திறந்தேன். கிளி கண்ணோடு ஜம்மென்று இருந்தது. போனை எடுத்து மதுரைக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "இங்க கண்ணு இருக்கு. நீங்கதான் அட்டையில முழுங்கிட்டீங்க" என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"படத்தைக் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளிப் பாருங்கம்மா" என்றார்.

தள்ளினேன். கிளி ஒரு விரற்கடை நகர்ந்தது. கண் நகரவில்லை. கிளி போன பிறகும் அது நின்ற இடத்திலேயே வெறும் வெள்ளையில் நின்றது.

போனை வைத்துவிட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை. மதுரைக்காரர் தலையில் பழியைப் போட்டால் என் நாற்காலி தப்பும் என்று ஒரு நிமிஷம், சரி, இரண்டு நிமிஷம் யோசித்தேன். அந்த மனுஷர் அம்மா என்று கூப்பிட்டது உறுத்தியது. தறிப்பக்கம் போய், அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்.

"நான்தான் கண்ணு வைக்கல அண்ணாச்சி. செத்த புள்ளியக் கண்ணுன்னு நெனச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். குனிந்து, அறுந்த நூல் ஒன்றை முடியத் தொடங்கினார்.

வழி சொன்னது மதினிதான். "கண்ணுதான? தொறந்துட்டாப் போச்சு." மாதாகோயில் பலிபீடத் துணிக்குப் பூவேலை செய்கிற பக்கத்து வீட்டு டீச்சரை அழைத்துவந்தார். ஊசியில் கறுப்பு நூலை மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தால் மிளகு மாதிரி ஒரு முடிச்சு விழும் என்று டீச்சர் காட்டிக்கொடுத்தார். மூன்று நாள் பகலெல்லாம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கிளிகளுக்குக் கண் திறந்தோம். முதல் கண்ணுக்கு மதினி சூடம் காட்டினார், டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். கைக்குக் கை முடிச்சு மாறியது. டீச்சர் வைத்த கிளி சாந்தமாகப் பார்த்தது. மதினி வைத்தது கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. என்னுடையவை எல்லாம் பேந்தப் பேந்த முழித்தன, அன்றைக்கு நான் முழித்த மாதிரியே. சிரித்துச் சிரித்து ஊசி குத்தாத விரல் யாருக்கும் மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை கலியாணத்துக்கு நானும் மதினியும் போனோம். இருபத்திரண்டு பெண்கள் முந்தியை முன்னால் இழுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் திங்கட்கிழமை என்ன ஆகும் என்பதே நினைப்பாக இருந்தது.

திங்கட்கிழமை போனேன். நாற்காலி இருந்தது. லேப்டாப் திறந்து கிடந்தது. திரையில் அந்தக் கரும்புள்ளியின் மேலே சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. மதினியின் நெற்றியைப் பார்த்தேன், அங்கே பொட்டு இல்லை.

அண்ணாச்சி காப்பியை உறிஞ்சியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அடுத்தது மயிலு. தோகையில இருக்க கண்ணையும் சேத்து, ஒண்ணு விடாம எண்ணிப் போடு தாயி."