சிவப்புச் சீட்டு ஒட்டிய பெட்டி

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் சார்ஜருக்கான செம்புக் கம்பிச் சுருள், அதாவது ‘காயில்’, சுற்றிக் கொடுப்பவர் அவர். நரைத்த தாடி. பேசும்போது ஒரு துண்டுக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

எல்லைத் தகராறில் சீனச் சரக்கு நின்றுபோனதும், தரம் பார்க்கும் என்னை எங்கள் சார்ஜர் கம்பெனி அவரிடம் அனுப்பியது. ஆறு வருடம் முன்பு அவருடைய காயிலைத் தள்ளியவனும் நான்தான்.

சாயா கொடுத்துவிட்டுப் பத்துக் காயில் எடுத்து வைத்தார். அளந்தேன். பத்தும் தேறின. கையெழுத்துப் போட்டேன்.

பிறகுதான் அவை இருந்த பெட்டியைத் திருப்பிக் காட்டினார். ‘தரம் போதாது’ என்று சிவப்புச் சீட்டு. கீழே என் பழைய கையெழுத்து.

"நீங்க தள்ளின அதே பத்துதான் சாரே. இங்கே சரக்கு நிறைய உண்டு. உங்க கம்பெனிக்கு மட்டும் கிடையாது."

"சீனாவுல விலை கம்மின்னு மேலேருந்து சொன்னாங்க, பாய். அதான் அப்படி எழுதினேன்."

"விலைன்னு சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். என் கையையில்ல குத்தம் சொன்னீங்க!"

சாயா ஆறிவிட்டது. இந்த உப்புக் காற்றிலும் மழையிலும் செம்பு ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். அந்தப் பத்தும் பளபளவென்று இருந்தன. எனக்காகத் துடைத்து வைத்திருக்கிறார், ஆறு வருடமாக.