பட்டம் கட்டினார், பட்டா தரவில்லை

இந்த வருஷம் சீசன் நேரத்தில் எனக்கு வந்து வாய்த்தது இங்கிலாந்து ராஜ வம்சம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்ப்பது என் வேலை. தீபாவளி நெருங்கினால் பட்டாசு லேபிள், அது முடிந்தால் காலண்டர். நடுவில், தபாலில் பி.ஏ. வரலாறு படிக்கிறவர்களுக்கான கைடு ஒன்று என் மேஜையில் வந்து விழுந்தது. பிளாண்டாஜெனெட் என்று ஒரு வம்சம். அந்தப் பெயரையே ஒரு பக்கத்தில் மூன்று விதமாக அடித்திருந்தார்கள். ஏதோ மஞ்சள் பூச்செடியின் பெயராம். அந்தச் செடியில் துடைப்பம் கட்டுவார்களாம். படிக்கப் படிக்க, துடைப்பத்துக்கு ஏற்ற வம்சம்தான் என்று தோன்றியது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர், அண்ணன் தம்பிக்குள் வெட்டு குத்து, கட்டிய பெண்டாட்டியையே வருஷக்கணக்கில் சிறையில் வைத்திருக்கிறார் ஒருவர். எண் போட்டுப் பிரித்திருக்காவிட்டால் யார் யாருடைய மகன் என்று எனக்கு இன்றுவரை விளங்கியிருக்காது.

ஒரு நாள் மத்தியானம், தூக்கக் கலக்கத்தோடு ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘மன்னர் தாம் உயிரோடு இருக்கும்போதே மூத்த மகனுக்குப் பட்டாசு சூட்டினார்’ என்று இருந்தது. டைப் செய்யும் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஐயோ, பட்டம்க்கா! காலையிலருந்து லேபிளா அடிச்சுக்கிட்டு இருக்கேன்ல, கை தானா போயிருச்சு” என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வரியையும் படித்துத் தொலைத்தேன். மகனுக்குக் கிரீடம் வைத்தாரே தவிர, ஆளுவதற்கு ஒரு துண்டு நிலத்தைக்கூட ராஜா அவனிடம் விடவில்லையாம். மகன் கேட்டான், அப்பன் மறுத்தான், சண்டை மூண்டது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இது என் வீட்டுக் கதை.

என் மாமனாருக்கு ஆமத்தூர்ப் பக்கம் நிலம். ஊர்க் கோயில் பொங்கலில் பரிவட்டம் அவருக்குத்தான். தலையில் துணி கட்டிச் செய்கிற முதல் மரியாதை அது. ஒரு வருஷம், “இனிமே இவனுக்குக் கட்டுங்க” என்று என் வீட்டுக்காரரை முன்னால் தள்ளிவிட்டார். ஊரே பெருமையாகப் பேசியது. நானும் புதுச்சேலை கட்டிக்கொண்டு பூரித்து நின்றேன், அறிவு கெட்டவள். பட்டா மட்டும் மாமனார் பெயரிலேயே இருந்தது. பருத்தியா மக்காச்சோளமா, மோட்டாரை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

“எனக்குன்னு ரெண்டு ஏக்கராவது எழுதிக் குடுங்கப்பா” என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டே கேட்டார்.

“ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றார் மாமனார்.

பிறகு ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் குடோன் கட்ட இடம் கேட்டு வந்தார். என் வீட்டுக்காரர் அப்பாவைக் கேட்காமலே சரி என்று தலையாட்டிவிட்டார். “ஏலே, யாரு நெலத்த யாரு குடுக்கிறது?” என்று வந்த ஆள் முன்னாலேயே மாமனார் கேட்டார். அன்றைக்கே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்துவிட்டோம். அதன் பிறகு இரண்டு வருஷம் அப்பனும் மகனும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை. நடுவில் கிடந்து நான்தான் அல்லாடினேன்.

கைடு பாதி முடிந்திருந்தபோது என் வீட்டுக்காரர் படுத்துவிட்டார். மஞ்சள் காமாலை. நாட்டு மருந்து, பத்தியம் என்று நாளைக் கடத்திவிட்டு, முற்றிய பிறகு விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்கம்மா” என்றார் டாக்டர். மாமனாருக்குப் போன் போட்டேன்.

“பட்டாவுக்கு இப்பிடி ஒரு நாடகமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சீசனில் லீவு ஏது? புரூப் கட்டைக் கட்டிலோரம் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். அன்று சாயங்காலம் வந்தது அந்தப் பக்கம். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மகன் காய்ச்சலில் விழுகிறான். ‘வந்து ஒரு தடவை பாருங்கள்’ என்று ஆள் அனுப்புகிறான். சூழ்ச்சியாக இருக்கும் என்று ராஜா போகவில்லை. மன்னித்ததற்கு அடையாளமாக ஒரு மோதிரத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறார். மகன் செத்துப்போகிறான். இதற்கு ஐந்து மார்க் கேள்வி ஒன்று வேறு. எப்போதோ செத்துப்போன அந்தக் கிழவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. போனில் பேசினால் வேலைக்காகாது என்று காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆமத்தூருக்குப் போனேன்.

மாமனார் கிணற்றடியில் இருந்தார். “வா தாயி” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“மாமா, பட்டாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒங்க மகன் கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்காக. உசுரோட பாக்கணும்னா இப்பமே கெளம்பி வாங்க. பொறவு மாலையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்காதீக.”

மாமனாரிடம் அப்படி நான் பேசியதே கிடையாது. அவர் மோட்டாரை நிறுத்தினார், சட்டையை மாட்டினார், வந்தார். பஸ்ஸில் ஒரே ஒரு தடவை, “கஞ்சியாவது குடிக்கிறானா?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த ராஜாவால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கட்டிலருகே போய் நின்றார். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “நெலம் வேண்டாம்னு எதுல கையெழுத்துப் போடணுமாம்?” என்று கேட்டார்.

“பாக்கத்தாம்லே வந்தேன்” என்றார் மாமனார்.

“பாத்தாச்சுல்ல” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் இவர்.

மாமனார் கொஞ்ச நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இட்லி வாங்கி வந்து நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, “பாத்துக்க தாயி” என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை. அந்தக் கைடில் அப்பன் மகனை நம்பவில்லை என்றுதான் இருக்கிறது. ஒருவேளை அந்த ராஜா கிளம்பிப் போயிருந்தால் மகன் நம்பியிருப்பானா என்று எங்கேயும் இல்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், “அன்னைக்கு அவரு சாப்பிட்டுட்டுப் போனாரா?” என்று கேட்டார்.

“இல்ல. பச்சத் தண்ணிகூடத் தொடல.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

“இந்த அழுகைய அங்க போயி அழுங்க” என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்பப் போனா, பட்டாவுக்குத்தான் வந்திருக்கான்னு நெனப்பாருல்ல?” என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மாமனார் அப்படித்தான் நினைப்பார்.