நுளம்பு ஒழிப்பு: கனடாவில் இருந்து நேரலை

போன வாரம் ஒரு நாள் காலை, எங்கள் ஒழுங்கைக்குள் ஓர் ஓட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. பாணும் பணிசும் விற்கிற ஓட்டோதான் என்று நினைத்து, அன்புவழிபுரத்தின் எங்கள் மூலை முழுவதும் பையும் கையுமாக வாசலுக்கு ஓடியது. நானும்தான். கிட்டப் போய்க் கேட்டால்... "அன்பான பொதுமக்களே! டெங்கு நோய் வேகமாகப் பரவி வருகின்றது..."

ஆளுக்காள் முகத்தைப் பார்த்தோம். "சீ, பாண் இல்லையாம்!" என்றபடி உள்ளே போய்விட்டோம்.

சிரிக்காதீர்கள். உங்கள் ஒழுங்கையில் மட்டும் என்ன நடந்திருக்கும்?

மூன்றாம் வீட்டு மலர் அக்காவின் மகள் துளசி, ஏ.எல். படிக்கிற பிள்ளை. அன்று பின்னேரமே அவளைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்குதான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்று செய்தி வந்தபோதுதான் எங்களுக்கு ஒலிபெருக்கி சொன்னது ஞாபகம் வந்தது.

மறுநாள் பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் றிஸ்வான் வந்தார். கிண்ணியாக்காரர், பொறுமைசாலி. ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் அவருக்குக் கிடைத்தது ஒரே பதில்: "எங்கட வீட்டில ஒண்டுமில்லை தம்பி. அங்க போய்ப் பாருங்கோ."

'அங்க' என்றால் தவராசா அண்ணையின் வீடு. அவர் கனடாவில், வீடு பூட்டில். றிஸ்வான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வீடு திருத்தவென்று வாங்கி இறக்கிய நீல நிற மலசலகூடக் கொமட் ஒன்று, முற்றத்தில் வானத்தைப் பார்த்தபடி, வாய் நிறைய மழைத் தண்ணீரோடு இருந்தது. பக்கத்தில் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி. சிரட்டைகள் வேறு.

"உடைச்சுக்கொண்டு போக ஏலாதோ?" என்று கேட்டேன்.

"சும்மா போக ஏலாது அன்ரி. கோட்டில நீதவானிட்ட அனுமதி எடுக்கோணும். கோட்டில தவணை குடுப்பினம்... நுளம்பு தவணை குடுக்காதே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரணம் இருக்கிறது. தவராசா அண்ணை, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியின் தீவிர வாசகர். வாராவாரம் படித்துவிட்டு, எங்கே பிழை என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறவர்.

வீடியோ கோல் எடுத்தேன். தடித்த ஜக்கெற்றுக்குள் இருந்து ஒரு முகம் தெரிந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார்.

"தங்கச்சி, போன கிழமை எழுதினது காணாது, இன்னும் காரமா எழுதோணும்."

"அது கிடக்கட்டும் அண்ணை. உங்கட வளவுக்குள்ள நுளம்பு பெருகுது. பூட்டைத் திறக்க விடுங்கோ."

"என்ர வளவிலயோ? என்ர மரத்து மாங்காய் பிடுங்க வழி தேடுறியள் போல!"

ஆஸ்பத்திரிக்கு உடுப்பு எடுத்துப் போக வந்திருந்த மலர் அக்கா, என் கையிலிருந்து போனை வாங்கினார். கத்தவில்லை. "அண்ணை, துளசிக்கு டெங்கு. இண்டைக்கு என்னோட கதைக்கிறாளுமில்லை" என்றார்.



"பூட்டை உடையுங்கோ" என்றார் தவராசா அண்ணை. பிறகு தன் பழைய குரலில், "ஆனா போனைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. நான் பாக்கோணும்."

அவ்வளவுதான்... கனடா பார்க்கிறதாம் என்ற கதை ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. ஒலிபெருக்கிக்கு அசையாத சனம் சீப்பால் தலையை இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, சுத்தியலும் கையுமாக வந்து பூட்டை உடைத்தார். கொமட்டுக்குள் றிஸ்வான் டோர்ச் அடித்துக் காட்டினார். நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. நாலு பேர் சேர்ந்து அதைக் கவிழ்த்தோம். தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவினோம். சிரட்டைகளை அள்ளினோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

"பொறு பொறு" என்றது போன். "மதிலுக்கு அங்கால ஒரு பீப்பா தெரியுது. அது ஆரின்ர?"

அதிபரின் பீப்பா! றிஸ்வான் டோர்ச் அடித்தார். அதற்குள்ளும் அதே நெளிவு.

"அது வந்து... மழைநீர் சேமிப்பு" என்றார் அதிபர்.

"சேமிச்சது காணும் சேர், ஊத்துங்கோ. தங்கச்சி, போனை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போ. என்ர வளவை மட்டும் காட்டினால் காணுமோ?"

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போன் தங்கள் படலைக்கு வருவதற்கு முன் அவரவர் வீட்டுக்கு ஓட்டம். வாளி கவிழ்கிற சத்தம், ரயர் உருள்கிற சத்தம். நான் மட்டும் என்ன... போனை றிஸ்வானிடம் கொடுத்துவிட்டு, என் பூச்சாடித் தட்டுகளின் தண்ணீரை ஊற்ற ஓடினேன். தவராசா அண்ணை இறங்கவேண்டிய தரிப்பிடத்தை விட்டுவிட்டு, பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனாராம்.

"எத்தினை கிழமையாக் கத்திறன் அன்ரி" என்றார் றிஸ்வான். "இந்த அண்ணையை எங்கட சுகாதாரக் கந்தோருக்கு வேலைக்கு எடுக்க ஏலாதோ?"

யோசித்துப் பார்த்தேன். பிழை எங்கள் காதிலா, ஒலிபெருக்கியிலா? "அன்பான பொதுமக்களே" என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? எங்கள் ஒழுங்கையில் பொதுமக்கள் என்று யாருமே குடியில்லை. அதிபர் இருக்கிறார், மலர் அக்கா இருக்கிறார், நான் இருக்கிறேன். பேர் சொல்லி, பீப்பாவைக் காட்டிக் கேட்டால்தான் எங்களுக்கு வெட்கம் வரும். வெட்கம் வந்தால்தான் வாளி கவிழும்.

துளசி தேறிவிட்டாள். மெலிந்து, வெளிறி, முந்தாநாள் வீட்டுக்கு வந்தாள். எல்லோரும் பார்க்கப் போயிருந்தோம். தவராசா அண்ணையின் பரிசோதனையைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடக் கடவுளே... நான் இல்லாத நேரமாப் பாத்து இவ்வளவும் நடந்திருக்கு!"

கஞ்சிக் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு மலர் அக்கா சொன்னார்: "நீ இல்லாதபடியால்தான் பிள்ளை, நடந்தது."